சாத்திய கதவும் லினக்ஸும்

"நீ தேவராஜா மார்க்கெட்டுக்கு ஆட்டோ ஏறினாப் போறும் யதுகிரி, உங்காத்துக் கதவு சாத்திக்கறது" என்றாள் எதிர்வீட்டு ஆண்டாள்.

கேட்டைத் திறக்கப்போன யதுகிரி பூப்பையோடு நின்றாள். "காத்துல சாத்திண்டிருக்கும் மாமி."

"காத்து என்ன, மாடி போர்ஷன் அக்ஷதாவை உள்ளே கூப்பிட்டுண்டா சாத்தும்?"

வம்பு கிடைத்தால் ஆண்டாளுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. சேகரித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அந்தப் பெண் நேற்றும் வந்தாளாம். யதுகிரியின் கணவர் நரசிம்மமூர்த்தியின் பழைய லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில், எந்தச் சத்தம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைப் போடுகிறாளாம். ஏன் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, பாட்டுக் கேட்கத்தான் என்று மழுப்பினாராம் மனுஷர். கச்சேரிக்குக் கூப்பிட்டால் கேன்டீனில் உட்கார்ந்து வருகிறவருக்குப் பாட்டாம்!

ரிட்டயரானதிலிருந்து அவர் ஒதுங்கி ஒதுங்கிப் போவது யதுகிரிக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வேறொருத்தி என்று யாராவது இருந்துவிட்டால், இந்த வயதில் அவள் எங்கே போவாள்?

"இன்னிக்கும் உள்ளேதான் இருக்கா. வா, நீயே கேளு" என்றாள் ஆண்டாள்.

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவில் காதை வைத்தார்கள்.

"இன்ஸ்டால் ஆயிடுச்சு அங்கிள். இந்த ஒரு கமாண்ட் அடிச்சா ஓட ஆரம்பிச்சுடும்." அக்ஷதாவின் குரல்.

"அவ குரல் என் காதுக்கு நன்னா வருமோ?" என்றார் நரசிம்மமூர்த்தி. "யதுகிரிக்கு மட்டும் தெரியப்படாது."

ஆண்டாள் யதுகிரியின் முழங்கையைக் கிள்ளினாள். "கேட்டியா? 'அவ'ளாம்."

யதுகிரி கதவைத் தட்டக் கை ஓங்கினாள்.

"வரும் அங்கிள். ஸ்பீக்கர்லயும் வரும், உங்க காது மெஷின்லயும் வரும். ஆனா ஏன் ரெண்டுலயும்?"

"சொல்லாம கல்யாணம் பண்ணிண்ட பொண்ணோட ஜன்மத்துக்கும் பேசமாட்டேன்னு சபதம் போட்டவன் நான். மத்தியானம் நான் தூங்கறேன்னு நெனச்சுண்டு, யதுகிரி இந்த லேப்டாப்புல அவளோட திருட்டுத்தனமா பேசறா. ஸ்பீக்கரைச் சின்னதா வெச்சுக்கறாளா, அடுத்த ரூம்ல படுத்திருக்கிற எனக்குக் குழந்தை பேசறது ஒண்ணுமே கேக்கமாட்டேங்கறது."

தட்டப்போன கையால் யதுகிரி ஆண்டாளின் வாயைப் பொத்தினாள்.