நிமிர்ந்து நின்ற பொம்மை

வெள்ளம் வடிந்ததும் மாசிலாமணி வயலுக்கு வந்தார். நெற்பயிர் முழுவதும் அழுகிக் கிடந்தது. பழக்கதோஷத்தில், சேற்றில் சாய்ந்திருந்த வைக்கோல் பொம்மையைத் தூக்கி நிறுத்திச் சட்டையையும் சரிசெய்தார். "நிவாரணம் வந்தா மறுபடி விதைக்கலாம். வராட்டி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று அதனிடமே சொன்னார். பொம்மை விறைத்து நின்றது.

பயிர்ச்சேதம் கணக்கெடுக்கும் ஜீப் வந்து சேர்வதற்குள், அழுகிய பயிரின்மேல் கோரை பச்சைப்பசேலென முளைத்துவிட்டது. சாலையிலிருந்து பார்த்தால் இளம்பயிர்தான். அதிகாரி இறங்கவில்லை; காலணியில் சேறு படுமே. பொம்மை தன் பங்குக்கு இன்னும் நிமிர்ந்து நின்றது.

சாலையோரத்திலிருந்து கொக்கு பறந்து வந்தது.

"கெடுத்தியே அண்ணே! 'பொம்மைகூடச் சாயல, பயிருக்கு என்ன வந்துச்சு'ன்னு சொல்லிட்டுப் போறாரு. பக்கத்து வயல் பொம்மை குப்புறக் கிடந்துச்சு. அவங்களுக்கு நிவாரணம் உண்டாம்."

"ஐயோ, என்னைத் தள்ளிவிடு தம்பி!"

"ஜீப்பே போயிடுச்சு. இனி விழுந்து யாருக்குக் காட்டப்போறே?" கொக்கும் பறந்துவிட்டது.

சில நாள் கழித்து மாசிலாமணி பையும் கையுமாக வந்தார். திருப்பூருக்கு வேலை தேடிப் போகிறார்.

"உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வயலைப் பாத்துக்க."

'நானும் வரேன்' என்று பொம்மை கத்தியது. மனிதர் காதில் அது விழுவதில்லை.

அன்றிலிருந்து அது கைகளை விரித்தபடி, எவரும் திருட வராத கோரையைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.