அழகேசன் வீட்டுக்குப் போகும் வாளி

மறுபடியும் பக்கத்து வீட்டு ராதிகா விரிசல் விட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு அழகேசன் வீட்டுக்குள் போவதை ரேணுகா பார்த்தாள்.

அழகேசனின் மனைவி சொர்ணம் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. ராதிகாவுக்கும் புருஷன் இல்லை. கொரட்டூரின் அந்தச் சந்துக்குப் பேச வேறு விஷயம் வேண்டுமா?

அழகேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடைந்த வாளி, குடம் எது கொண்டுபோனாலும் பற்றவைக்கிற சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, விரிசலை உருக்கி, மேலே அதே நிறத்தில் ஒரு துண்டை இளக்கி ஒட்டுவார். அப்புறம் ஒரு சொட்டு கசியாது. அக்கம்பக்கத்துக்குச் சும்மாவே செய்து கொடுப்பார்.

"அதுக்குன்னு வாராவாரமா ஒடையும்? இன்னா ஒடையுதோ, யாரு கண்டா" என்று குழாயடியில் முதலில் ஆரம்பித்ததே ரேணுகாதான்.

மறுவாரம் ரேணுகா துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டொக் டொக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். ராதிகா துவைக்கிற கல்லில் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ணிகினு கீறே?"

ராதிகாவின் கை நின்றது.

"சொர்ணக்கா போனதுலேர்ந்து அவரு கதவ சாத்திகினு படுத்தே கெடக்கறாரு. சோறு கொண்டு போனா வாணாங்கறாரு. ஒடைஞ்ச சாமான் எடுத்துகினு போனாத்தான் எந்திரிக்கறாரு. இரும்பு சூடாவறதுக்குள்ள ஒரு டீ குடிக்கறாரு, ரெண்டு வார்த்த பேசறாரு. இல்லாட்டி இந்நேரம் அவரும் போயிருப்பாரு ரேணு."

ரேணுகா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவளும் ஒரு குடத்தை உடைத்தாள். ஒரு கையில் அதையும், இன்னொரு கையில் நாலு இட்லியையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. உள்ளே விளக்கில்லை. அழகேசன் முகத்தில் பல நாள் தாடி. ஒன்றும் கேட்காமல் குடத்தை வாங்கிக்கொண்டு இரும்பின் பிளக்கைச் செருகினார்.

அது சூடாவதற்குள் இரண்டு இட்லியைச் சாப்பிட்டார். பிளாஸ்டிக் உருகி வீடெல்லாம் புகை நாற்றம்.

"அவளுக்கு இந்த நாத்தம் ஆவாது. வெளிய போய் பண்ணுய்யான்னு கத்துவா. இப்போ உள்ளியே பண்றேன்."

ரேணுகா மிச்ச இட்லியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒட்டி முடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் குடத்தை நீட்டினார்.

"தானா வுட்ட விரிசலுக்கும் சுத்தியால அடிச்சதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாம்மா? அந்தப் பொண்ணு இவ்ளோ பாடுபடுதேன்னுதான் எந்திரிச்சு வரேன். இனிமே எதையும் ஒடைக்கவாணாம்னு சொல்லு. சும்மா வந்து தட்டினாலும் கதவத் தொறக்கறேன்."