ஈர வேட்டி

இரண்டாவது குடத்தையும் தலையில் கவிழ்த்துக்கொண்டார் ராஜப்பன். மார்கழி மாதத்துத் தளி ஊர்க் குளிர்; தொட்டித் தண்ணீர் ஐஸாக இருந்தது. பற்கள் கிடுகிடுக்க, அடுத்த குடத்துக்குக் கை நீட்டினார்.

வாசல் பந்தலில் அவர் மனைவி பூவம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"அய்யோ அண்ணா! பையன் குளிச்சு, ஈரத் துணியோட தண்ணி கொண்டாந்து ஊத்துறதுதானே மொறை? புருசன்காரன் எதுக்கு நனையணும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சென்னம்மா.

"இருக்கட்டும், வுடுங்க" என்றார் ராஜப்பன்.

மகன் ஹரீஷ்குமார் ஏற்கெனவே குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்பாவை எப்படித் தடுப்பதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான்.

அக்கா மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடிப்பு! ஊர் கூடியிருக்கிறதல்லவா, அதற்கான நடிப்பு. அம்மா பெங்களூரு ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் இந்த மனுஷன் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. ஓசூர் கம்பெனியில் லீவுக்குக் கெஞ்சி, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, அம்மா பக்கத்தில் கிடந்தவள் அவள்தான்.

ஒரே ஒரு நாள் கிளம்பினாராம். ஓசூர் பஸ்ஸில் ஏறியவர் பாதியில், மதகொண்டப்பள்ளியிலேயே இறங்கிவிட்டாராம். திரும்பி வர பஸ்கூட ஏறாமல், வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாராம். தம்பிதான் போனில் சொன்னான்.

அம்மா மட்டும் அவரை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் அம்மாவின் மஞ்சப்பையில் அவருக்கென்று வெளுத்த வேட்டி ஒன்று இருக்கும். "உங்கப்பனுக்கு வேட்டியில பொட்டு அழுக்குப் படக் கூடாது" என்பாள்.

"மைனருக்குப் பந்திக்கு முன்னால ஒரு வேட்டி, பந்திக்குப் பின்னால ஒரு வேட்டி" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சாகிற தறுவாயிலும் அம்மாவுக்கு அவர் நினைப்புதான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு மாத்திரை எழுதித் தாங்க சாமி. அதுக்கெல்லாம் மருந்து இருக்குதுன்னு நர்சம்மா சொல்லுச்சு" என்றாள்.

"அவருக்கு என்னம்மா தொந்தரவு?" டாக்டர் குனிந்து கேட்டார்.

அம்மா மகளைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"அவருக்கு ஒரு நோவும் இல்ல டாக்டர். பொண்டாட்டியப் பாக்க வர மனசில்ல, அவ்ளோதான்" என்று வெட்டினாள் மணிமேகலை. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது ராஜப்பன் சொட்டச் சொட்ட நடந்து வந்து, பூவம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மணிமேகலையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய மஞ்சப்பையில், அம்மா மடித்து வைத்த வேட்டி கலையாமல் இருந்தது. அதையும் ஒரு துண்டையும் எடுத்து வந்தாள்.

"எந்திரிச்சுப் போயி மாத்திக்கிட்டு வா. சளி புடிச்சா அதுக்கும் நான்தான் லீவு போடணும்."

"வேணாம் கண்ணு. அவள எடுக்கற வரைக்கும் இப்படியே இருக்கேன்."

"ஊரே பாக்குது. அசிங்கமா இல்ல உனக்கு?"

அசிங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. அவள் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

துண்டையாவது போர்த்திவிடலாம் என்று மணிமேகலை குனிந்தாள். அவர் மனைவியின் காதோரம் பேசிக்கொண்டிருந்தார்.

"மாத்து வேட்டி எடுத்தாற இனிமே நீ இல்லியே, பூவு. இன்னிக்கும் உன்ன வுட்டுட்டு நிமிசத்துக்கு நிமிசம் எந்திரிச்சு ஓட மனசு வரல. அடக்க முடியாம உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டாலும், ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் முன்னாடியே நனைஞ்சுக்கிட்டேன்."

மணிமேகலை துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரின் கையை விடாமல் பிடித்திருந்த அம்மாவின் கை கண்முன் வந்தது.

ராஜப்பன் பூவம்மாளின் நெற்றியைத் தடவினார்.

"பஸ்ஸுல இப்படி நனைஞ்சுக்கிட்டு வர முடியலியே, பூவு!"