முதல் தண்ணீர்

உச்சிவேளையில் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிகிறது. சுண்ணாம்பு அப்பிய வட்டம்போல வானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிச் சகாராப் பாலைவனப் புழுதி வந்து இறங்கியதிலிருந்து எதிரே இருக்கும் யூனியன் தீவைக் காணோம். கடலையே காணோம், அலைச்சத்தம் மட்டும் வருகிறது. எங்கள் கரியாக்கூ கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு, ஆறு கிடையாது. கூரையில் விழுவதுதான் குடிதண்ணீர். தொட்டியில் வாளி தரையை உரசுகிறது. என் வீட்டுக்காரர் அல்பன் புழுதி படிந்த தகரக் கூரைமேல் துடைப்பத்தோடு நின்று இருமுகிறார். பாதிகூடக் கூட்டி முடிக்கவில்லை, கூரை படபடக்கிறது. மழை! ஓடிப்போய், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைத் தொட்டி வாயிலிருந்து விலக்கிப் பிடிக்கிறேன். "அடி வெர்லீன், உள்ளே விடுடி! தொட்டி காஞ்சு கிடக்கு!" என்று மேலிருந்து கத்துகிறார். "சும்மா இருய்யா! இந்தச் சேத்தைக் குடிச்சிட்டு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கவா?" குழாய் செங்கல் நிறத்தில் கொழகொழவென்று கொட்டுகிறது. என் பாவாடை, கால், வாசல் எல்லாம் சிவப்பு. ஒரு பாலைவனமே என் கைவழியாக இறங்கிப் போகிறது. மெல்லமெல்லத் தேநீர் நிறமாகிறது, பிறகு கண்ணாடியாகத் தெளிகிறது. குழாயைத் தொட்டிக்குத் திருப்புகிறேன். மழை நின்றுவிடுகிறது. ஓரிரு சொட்டு மட்டும் உள்ளே விழுந்து எதிரொலிக்கிறது. அல்பன் ஏணியில் இறங்கி வருகிறார். திட்டப்போகிறார் என்று நிற்கிறேன். அவரோ என் உள்ளங்கையில் படிந்த சேற்றை விரலால் தொட்டு, மெதுவாகத் தேய்த்துப் பார்க்கிறார். "பாவம்டி," என்கிறார். "மழையையே பார்க்காத மண்ணு. இவ்வளவு கடலைத் தாண்டி வந்ததே தண்ணி குடிக்கத்தானோ என்னமோ."