கால் சோதனை

மலையேறுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து தவசி வந்திருந்தார்.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் போடியையும் பொட்டிபுரத்தையும் சேர்ந்த பத்தாம் வகுப்புப் பையன்கள். லீவு விட்டால் நெல்லிக்காய்க்கும் விறகுக்கும் மலைமேலேயே கிடக்கிறவர்கள். ஆனாலும் 1981 காலாண்டு விடுமுறையில், 'திறந்தவெளிச் சாகச அறிமுகப் பயிற்சி' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஏறி வந்தார்கள்.

ஏலத்தோட்ட முதலாளி ஜக்கையன், பங்களாவுக்குப் பக்கத்து மொட்டைப் பாறையில் கூடாரம் போட இடம் கொடுத்தார். ஒரே நிபந்தனைதான். "ஏலச்செடிக்குள்ள ஒருத்தன் கால் வைக்கக் கூடாது."

அதனால் காட்டில் நடக்கும் முறையைத் தவசி பாறையிலேயே நடத்தினார். "இது மரம்னு வச்சுக்கங்க. இது ஓடைன்னு வச்சுக்கங்க." முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார்: "மலையில வழுக்கி விழறவன் இந்தப் பக்கமே வரக் கூடாது!"

மூன்றாம் நாள் காலை, பள்ளத்தில் ஓடைக்கரையிலிருந்த ஸ்டோரில் ஒரு மூட்டை ஏலக்காயைக் காணோம்.

காவலாள் சுருளி வந்து சொல்லிக்கொண்டிருந்தபோதே மேனேஜர் ராக்கையாவின் ஜீப் வந்து நின்றது. தரையைக் கூட்டும் பெல்பாட்டமும் வெள்ளைச் சாக்ஸுமாக இறங்கினார்.

"போடியிலருந்து நேரா வர்றேன் முதலாளி. வந்து எறங்குனதும் இப்பிடி ஒரு சேதியா?" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இங்க வெளியாளு யாரு? இந்த வாத்தியாருதான். ஸ்டோர்லருந்து ஓடை வழியாப் போனா கீழ ரோட்டு வளைவு. அங்க ஒரு வண்டி நின்னா சோலி முடிஞ்சது."

சுருளி தலையைச் சொறிந்தான். "விடியக்கருக்கல்ல வாத்தியாரு கூடாரத்த விட்டுப் பதுங்கிப் பதுங்கிப் போனாரு முதலாளி. திரும்பி வரையில வேர்த்துக் கொட்டுச்சு."

"எங்க போனீக?" என்றார் ஜக்கையன்.

"அது... சொந்த விஷயம்" என்றார் தவசி.

மேனேஜர் பைகளைக் கவிழ்த்தார். ஒரு பீடிக்கட்டும் ஒரு தூக்கு அதிரசமும் கிடைத்தன. அதிரசத்தை அவர் பறிமுதல் செய்தார்.

"பையை விடு, காலப் பாரு" என்றார் ஜக்கையன். "ராத்திரி பூரா மழை. ஓடைப்பக்கம் போனவன அட்டை விடுமா? ஏறுறதும் தெரியாது, கடிக்கிறதும் தெரியாது. கடிச்ச எடத்துல மத்தியானம் வரைக்கும் ரத்தம் நிக்காது. இந்தப் பாறையிலயோ அட்டையே கெடையாது." தவசியின் பக்கம் திரும்பினார். "கடி இருந்துச்சுன்னா நேரா ஸ்டேசன்தான் வாத்தியாரே. அதுக்கப்பறம் எந்தப் பள்ளிக்கூடமும் உம்மை வாசப்படி மிதிக்க விடாது."

பையன்கள் அரைக்கால் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். மேனேஜர் குனிந்து குனிந்து பார்த்தார். சிரங்கு இருந்தது, சைக்கிள் செயின் கிழித்த தழும்பு இருந்தது. கடி இல்லை.

மிச்சம் தவசி. அவர் முழுக்கால் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய மட்டும் விட்ருங்க. பிள்ளைக முன்னாடி வேண்டாம்."

"பாத்தீகளா முதலாளி! ஆளு ஆப்புட்டுக்கிட்டாரு!" மேனேஜர் மண்டியிட்டுத் தாமே கால்சட்டையை மேலே சுருட்டினார்.

உள்ளே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிக்கட்டு. வேப்பெண்ணெய் நாற்றம் குப்பென்று வந்தது. கணுக்கால் பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்ன சார் இது?" என்றான் முன்வரிசையில் நின்ற காசிமாயன்.

தவசி பாறையைப் பார்த்துப் பேசினார். "மொத நாளே... பங்களாப் படியில வழுக்கி விழுந்துட்டேன்ப்பா."

பங்களாச் சமையற்கட்டு வாசலிலிருந்து சமையல்காரி மூக்கம்மாள் குரல் கொடுத்தாள். "ஆமா சாமி! தெனமும் விடியக்கருக்கல்ல வந்து எண்ணெய் காய்ச்சித் தரச் சொல்லுவாரு. பயலுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வேற!"

"இந்தக் கால வச்சுக்கிட்டு மூட்டை தூக்கவா? வெறுங்கையோட ஓடைக்குப் போனாலே, நாமதான் தூக்கிட்டு வரணும்" என்றார் ஜக்கையன்.

பையன்கள் பாறையில் உருண்டு சிரித்தார்கள். சாகசம் என்று எழுதிய துணியை ஒருவன் வாயில் திணித்துக்கொண்டான். தவசிக்கு, ஸ்டேசனுக்கே போயிருக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேனேஜர்தான்.

"மலையேத்த வாத்தியாரு... படி எறங்கத் தெரியாம...!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாறையில் காலை ஓங்கி ஓங்கி உதைத்துச் சிரித்தார்.

மூன்றாவது உதையில், போடியிலிருந்து நேராக வந்த அவருடைய பெல்பாட்டத்துக்குள்ளிருந்து, ரத்தம் குடித்து நாவற்பழமாக உருண்டுபோன அட்டை ஒன்று ஜக்கையனின் காலடியில் வந்து விழுந்தது.