கனாயே குதித்த உயரம்

பதினெட்டுக்கு இருபது. மூன்றாவது செட்.

வலையருகே முழங்காலை மடித்து, ராக்கெட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். எதிரே இருந்த ஜோடிக்குப் பத்தொன்பது வயது. இன்னும் ஒரு புள்ளிதான் அவர்களுக்கு வேண்டும்.

அந்தப் புள்ளி போனால் அவளுடைய ஆட்டக்காலமே முடிந்தது. இந்த ஜப்பான் தேசிய பாட்மிண்டன் போட்டியோடு ஓய்வு பெறுகிறோம் என்று அவளும் கனாயேயும் போன மாதமே அறிவித்துவிட்டார்கள்.

பின்னால் கனாயே.

பள்ளிக்கூட நாளிலிருந்து பதினெட்டு வருடமாக, பின்னால் கனாயேதான். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்புகிற நேரத்தில் ஷட்டில் கடந்து போய்விடும். காலடிச் சத்தத்தை வைத்தே கனாயே எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, வெளிநாட்டில் ஒரு காலிறுதியில், அந்தச் சத்தம் நின்றுபோனது. ஸ்மாஷ் அடிக்கக் குதித்த கனாயே இறங்கும்போது இடது குதிகால் தசைநார் அறுந்தது.

அப்போது உலக வரிசையில் அவர்கள் ஐந்தாம் இடம். பயிற்சியாளர் வேறொரு பெண்ணோடு ஆடச் சொன்னார். நல்ல ஆட்டக்காரி. உயரமானவள்.

"என் ஜோடி ஆஸ்பத்திரில இருக்கா" என்றாள் அவள்.

பதினான்கு மாதம் காத்திருந்தாள்.

வரிசையில் பெயரே இல்லாமல் போனது. மறுபடி தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கினார்கள். ஆளில்லாத கூடங்கள். ஓரத்துக் கோர்ட்டுகள்.

கனாயே அதன்பிறகு குதிக்கவே இல்லை. மருத்துவர் வேண்டாம் என்றிருந்தார். கால் தரையை விடாமலே அடிக்கப் பழகினாள். அதில் குறைந்த வேகத்தை முன்னால் நின்ற அவள் ஈடுகட்டினாள். அப்படியே ஆடி, முப்பத்தொரு வயதில் இருவரும் தேசியப் பட்டம் வென்றார்கள்.

இப்போது முப்பத்து மூன்று.

சர்வீஸ் வந்தது. எடுத்தாள். திரும்ப வந்தது. கனாயே அடித்தாள். எதிரே இருந்தவள் ஷட்டிலை உயரத் தூக்கிவிட, அது வலையருகே நின்ற அவள் தலைக்கு மேலே போனது.

பின்னால் காலடிகள். ஒன்று. இரண்டு.

மூன்றாவது கேட்கவில்லை.

பார்வையாளர் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் திரும்பவில்லை. வலையையே பார்த்தபடி நின்றாள்.

காதை உரசுவது போல ஷட்டில் கடந்தது. எதிரே இருவருக்கும் ராக்கெட்டை அசைக்கக்கூட நேரமில்லை.

பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. இரண்டு விரல் தள்ளி.

கோட்டு நடுவர் இரு கைகளையும் விரித்தார்.

அப்போதுதான் திரும்பினாள். கனாயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலிலும்.

மன்னிப்புக் கேட்க கனாயே வாயெடுத்தாள். அவள் கேட்க விடவில்லை. கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வலைக்கு அந்தப் பக்கம், கைகுலுக்க வந்த இளம் ஜோடி தலை குனிந்து காத்திருந்தது.

வெளியே வந்ததும் ஒரு பெண் நிருபர் மைக்கை நீட்டினாள்.

"கடைசி ஷாட் வெளியே போயிடுச்சே, வருத்தமா இருக்கா?"

அவள் திருப்பிக் கேட்டாள்.

"நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"எங்க பத்திரிகை வரிசையிலதான். கோர்ட்டுக்குப் பக்கத்துல."

"கனாயே எவ்வளவு உயரம் குதிச்சா? நான் பார்க்கல."

நிருபர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

அவளும் குனிந்தாள்.

அந்தக் கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாள்.