நாற்பது டிகிரி வரை

குளிரூட்டி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். பணியாளர்களுக்கு அது வழங்கப்படுவதில்லை. நீச்சல்குள ஹீட்டருக்கோ உரிமம் தேவையில்லை. அது காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும். அந்தக் காற்றில்தான் குளத்தைப் பராமரிக்கும் சிங்கராயன் தன் கைக்குழந்தையைக் கிடத்தியிருந்தான்.

“சித்திரை பொறந்தாச்சு. இன்னுமா அதை நிறுத்தி உறை போடல? அம்பது டிகிரி வெயில்ல யாரை அவிக்கப் போற?” என்றார் குடியிருப்புச் செயலாளர்.

“நாளைக்குப் போட்டுடறேன் சார்.”

அவர் போனதும், ஹீட்டரில் தண்ணீருக்கான வெப்ப இலக்கை நாற்பதுக்கு உயர்த்தினான். அதற்குமேல் உயர்த்த வழியில்லை.

“இப்பதாங்க பிள்ளைக்கு மூச்சு சீராச்சு” என்றாள் அவன் மனைவி லூர்து.

பிற்பகல் மூன்று மணிக்குக் குளம் நாற்பதைத் தொட்டது. வேலையைச் செவ்வனே முடித்த இயந்திரம் தானாகவே நின்றது. லூர்து முந்தானையால் விசிறத் தொடங்கினாள்.